பட்டியலுக்கு வெளியே ஒரு மூலக்கூறு

2018 ஏப்ரல் கடைசி வாரம். மதுரையில் சித்திரைத் திருவிழா நடந்துகொண்டிருந்தது. கள்ளழகர் ஆற்றில் இறங்கி வண்டியூர் வந்து சேர இன்னும் சில நாட்கள் இருந்தன. 26ஆம் தேதி டெல்லியில் மத்திய நிதியமைச்சகத்தின் வருவாய்த் துறை அரசிதழில் ஓர் அறிவிப்பை வெளியிட்டது. திருவிழாக் கூட்டத்தில் அதைப் பற்றி யார் பேசப்போகிறார்கள்? ஆனால் வண்டியூரிலும் அண்ணா நகரிலும் மாட்டுத்தாவணியிலும் உள்ள மருந்துக்கடைகளின் அலமாரியில் இருந்த ஒரு மாத்திரை அன்றோடு வேறு பொருளாகிவிட்டது. அதுவரை டாக்டர் சீட்டு காட்டி வாங்க வேண்டிய வலி மாத்திரை. அதற்குப் பிறகு கஞ்சாவுக்கும் ஹெராயினுக்கும் உள்ள அதே சட்டத்தின் கீழ் வரும் பொருள். அதன் பெயர் டிரமடால். மாத்திரைக்குள் ஓர் அணுகூட இடம் மாறவில்லை.

வண்டியூர்க் கண்மாயைச் சுற்றியுள்ள பகுதி இன்று மருத்துவமனைகளின் பகுதி. லேக் வியூ ரோட்டிலும் மேலூர் சாலையிலும் அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்புகிறவர்களின் மருந்துச் சீட்டுகளைப் பார்த்தால், பாராசிட்டமாலோடு சேர்ந்த டிரமடால் பலவற்றில் இருக்கும். ரிங் ரோட்டில் பைக்கிலிருந்து விழுந்து கால் முறிந்தவர், மூட்டு மாற்றிக்கொண்ட பாட்டி, வயிற்றுக் கட்டியை எடுத்துவிட்டு வந்தவர் என்று எல்லோரையும் முதல் சில இரவுகள் தூங்கவைத்த மருந்து அது. அதன் மேல் எனக்குப் பகை கிடையாது. இந்த அத்தியாயம் வேறொன்றைப் பற்றியது. சட்டம் பொருள்களைப் பெயரால் அறிகிறது, உடம்போ உருவத்தால் அறிகிறது. இந்த இரண்டுக்கும் நடுவில் விழும் இடைவெளியில்தான் கடந்த நூறு ஆண்டுப் போதைப்பொருள் வரலாறு பெரும்பாலும் நடந்திருக்கிறது.

உருவத்திலிருந்தே தொடங்குவோம். மூளை, தண்டுவடம், குடல் ஆகியவற்றின் நரம்பு செல்கள் மேல் மியூ ஏற்பி என்றொரு புரதம் பதிந்திருக்கிறது. அபினும் அதன் உறவுகளும் வந்து ஒட்டும் இடம் அதுதான். அப்படிப்பட்ட ஏற்பிகள் மூளையில் இருப்பதை 1973இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் கேண்டஸ் பெர்ட்டும் சாலமன் ஸ்னைடரும் காட்டினார்கள். உடனே ஒரு கேள்வி எழுந்தது. கசகசாக் காயைக் கீறினால் வடியும் பாலுக்கு மனித மூளையில் எதற்காக ஓர் இடம் ஒதுக்கப்பட்டிருக்க வேண்டும்? ஸ்காட்லாந்தின் அபர்டீன் நகரில் ஜான் ஹியூஸும் ஹான்ஸ் கோஸ்டர்லிட்ஸும் பன்றி மூளைகளை அரைத்து வடித்து 1975இல் பதில் சொன்னார்கள். உடம்பு தனக்கான வலி நிவாரணியைத் தானே செய்துகொள்கிறது. அவர்கள் பிரித்தெடுத்த அந்தச் சிறு புரதத் துண்டுக்கு என்கெஃபலின் என்று பெயர். ஏற்பி அதற்காக உண்டானது. அபினிலுள்ள மார்ஃபின் தற்செயலாக வந்து பொருந்திக்கொண்டது.

திண்டுக்கல் பூட்டு செய்கிறவருக்குச் சாவியின் பிடி வட்டமா, சதுரமா, பித்தளையா, இரும்பா என்பதெல்லாம் பொருட்டில்லை. பற்கள் பொருந்தினால் பூட்டு திறந்துவிடும். மார்ஃபினைத் தாளில் வரைந்தால் ஐந்து வளையங்கள் ஒன்றோடொன்று பின்னிக்கிடக்கும். ஃபென்டனிலை வரைந்தால் நீண்டு ஒல்லியாக, மார்ஃபினோடு எந்தச் சாடையும் இல்லாமல் இருக்கும். ஆனால் இரண்டிலும் மின்னேற்றம் பெறக்கூடிய ஒரு நைட்ரஜன் அணு உண்டு, அதிலிருந்து தோதான தூரத்தில் ஒரு பென்சீன் வளையமும் உண்டு. மியூ ஏற்பிக்கு அது போதும். பிடியை எத்தனை விதமாகவும் மாற்றலாம். வேதியியலாளர்கள் ஆயிரக்கணக்கில் மாற்றிப் பார்த்திருக்கிறார்கள்.

ஏற்பி ஒன்றுதான், விளைவுகள் பல. தண்டுவடத்தில் அது வலிச் செய்தியை அமுக்குகிறது. மூளையின் நடுப்பகுதியில் இதமான மிதப்பைத் தருகிறது. குடலில் அசைவை நிறுத்தி மலச்சிக்கல் உண்டாக்குகிறது. மூளைத்தண்டில் மூச்சின் தாளத்தை மெதுவாக்குகிறது. அளவு மீறி எடுத்து இறப்பவர்கள் இந்தக் கடைசி விளைவால்தான் இறக்கிறார்கள். இரத்தத்தில் கரியமில வாயு ஏறும்போது மூச்சுவிடச் சொல்லி எச்சரிக்கும் மையம் மயங்கிக் கிடக்கும். திணறல் தெரியாது, தூங்குவது போலவே இருக்கும், உதடு நீலம் பாரிக்கும். வலியை மட்டும் அமுக்கி மூச்சைத் தொடாமல் விட்டுவிடும் ஒரு மருந்தைத் தேடியதுதான் செயற்கை ஓபியாய்டுகளின், அதாவது ஆய்வகத்தில் செய்த அபின் வகை மருந்துகளின், கதை. இன்றுவரை முழுதாகக் கிடைக்கவில்லை.

தேடலின் முதல் பாடம் ஹெராயின். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியின் சிறு நகரம் ஒன்றில் மருந்துக்கடைப் பணியாளராக இருந்த ஃபிரெட்ரிக் செர்ட்யூர்னர் அபினிலிருந்து மார்ஃபினைப் பிரித்தார். அதன் மீது இரண்டு அசெட்டைல் அணுக்கூட்டங்களை ஒட்டினால் ஹெராயின் வருகிறது. 1898இல் பேயர் நிறுவனம் அதை இருமல் மருந்தாக விற்கத் தொடங்கியது. மார்ஃபினைவிடப் பாதுகாப்பானது என்றே அன்று நம்பினார்கள். பழக்கமாகாத புதிய வலி மருந்து என்ற வாக்குறுதி அதற்குப் பிறகு எத்தனையோ பெயர்களில் வந்துவிட்டது. அடுத்த முறை அதைக் கேட்கும்போது 1898ஐ நினைத்துக்கொள்வது நல்லது.

கசகசாச் செடியே தேவையில்லாமல் அபினைப் போல வேலை செய்யும் முதல் வலி மருந்து ஒரு தற்செயல். 1930களின் இறுதியில் ஜெர்மனியில் ஓட்டோ ஐஸ்லெப் என்ற வேதியியலாளர் குடல் இழுப்பைத் தளர்த்தும் மருந்தொன்றைத் தேடிக்கொண்டிருந்தார். அவர் செய்த சேர்மத்தைச் சுண்டெலிகளுக்குக் கொடுத்தபோது அவற்றின் வால் விறைத்து வளைந்து நிமிர்ந்தது. மார்ஃபின் கொடுத்த எலிகளில் மட்டும் காணும் அடையாளம் அது. உடன் பணியாற்றிய ஓட்டோ ஷாவ்மன் அதைப் புரிந்துகொண்டார். அந்தச் சேர்மம்தான் பெத்தடின். பிரசவ வலிக்குப் போடும் பெத்தடின் ஊசியாக நம் தாய்மார்களில் ஒரு தலைமுறைக்கு அது தெரியும்.

பெத்தடினின் ஆறு மூலை வளையத்தை எடுத்துக்கொண்டு, கொழுப்பில் நன்றாகக் கரைந்து மூளைக்குள் விரைவாகப் போகும்படி அதைத் திருத்தியவர் பெல்ஜியத்தின் பால் யான்சன். 1960 வாக்கில் அவருடைய ஆய்வகத்தில் ஃபென்டனில் உருவானது. மார்ஃபின் 10 மில்லிகிராம் செய்வதை இது 0.1 மில்லிகிராமில் செய்யும். இன்று மதுரையில் எந்த அறுவை அரங்கிலும் மயக்க மருந்து டாக்டரின் தட்டில் அதன் ஆம்பூல் இருக்கும். வேகமாக வேலை செய்து வேகமாக இறங்கிவிடும் என்பதால் அவர்களுக்கு அது பிரியமான மருந்து. யான்சனின் ஆட்கள் 1974இல் அதன் ஒரு மூலையில் இன்னொரு கூட்டத்தை ஒட்டி கார்ஃபென்டனில் செய்தார்கள். மார்ஃபினைவிட ஏறத்தாழ 10,000 மடங்கு வீரியம். யானை போன்ற பெரிய விலங்குகளை மயக்கத்தான் அது பயன்பட்டது. 2002 அக்டோபரில் மாஸ்கோவில் ஒரு நாடக அரங்கைத் தீவிரவாதிகள் பிடித்துவைத்தபோது ரஷ்யப் படைகள் காற்றுக்குழாய் வழியாக ஒரு மயக்கப் பொருளை உள்ளே செலுத்தின. பணயக்கைதிகளில் 120 பேருக்கு மேல் இறந்தார்கள். உயிர் தப்பிய பிரிட்டன் நாட்டவரின் உடைகளையும் சிறுநீரையும் பின்னர் சோதித்ததில் கார்ஃபென்டனிலும் ரெமிஃபென்டனிலும் கிடைத்தன.

இந்தக் குடும்பத்தில் டிரமடால் சாதுவான தம்பி போலத் தோன்றும். 1962இல் ஜெர்மனியின் குரூனென்தால் நிறுவனத்தில் உருவானது. தாலிடோமைடு என்ற மருந்தால் ஆயிரக்கணக்கான குழந்தைகள் கை கால் குறையோடு பிறந்தது வெளியாகி உலகமே அதிர்ந்திருந்த நேரம். அந்த மருந்தை விற்ற நிறுவனமும் இதுவே. டிரமடால் 1977இல் சந்தைக்கு வந்தது. நேரடியாக மியூ ஏற்பியில் அதற்குப் பிடி மிகக் குறைவு. செரட்டோனின், நார்அட்ரினலின் ஆகிய இரண்டு நரம்புச் செய்தி வேதிப்பொருள்களையும் அது கொஞ்சம் கூட்டுவதால் வலி குறைகிறது. மீதி வேலையைக் கல்லீரல் பார்க்கிறது. அங்குள்ள ஒரு நொதி, டிரமடாலின் ஒரு முனையிலிருந்து சிறு மெத்தைல் கூட்டத்தை வெட்டி எடுக்கும்போது உண்டாகும் பொருள்தான் ஏற்பியை உண்மையில் பிடிக்கிறது.

அந்த நொதி எல்லோரிடமும் ஒரே வேகத்தில் வேலை செய்வதில்லை. அதைத் தரும் மரபணு சிலரிடம் செயலற்றது, சிலரிடம் இரட்டிப்பாக இருக்கும். ஆகவே ஒரே வீட்டில் ஒரே மாத்திரை அண்ணனுக்கு ஒன்றுமே செய்யாமலும் தம்பியை ஆபத்தான தூக்கத்தில் தள்ளியும் விடலாம். 12 வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகளுக்கு டிரமடால் கூடாது என்று அமெரிக்க மருந்து அமைப்பு 2017இல் அறிவித்ததற்கு இதுதான் காரணம். பக்கத்து வீட்டுக்காரர் தனக்குக் கேட்டது என்று மிச்ச மாத்திரையைத் தூக்கிக் கொடுக்கும் பழக்கம் நம் ஊரில் உண்டு. அவருக்குக் கேட்டது அவருடைய கல்லீரலுக்கு. இந்த மருந்தில் இன்னொரு வம்பும் உண்டு. அளவு கூடினால் மூச்சு அடங்குவதற்கு முன்பே வலிப்பு வரக்கூடும்.

மென்மையானது என்ற பெயரும் குறைந்த விலையும் சேர்ந்து டிரமடாலை உலகம் சுற்றவைத்தன. இந்தியத் தொழிற்சாலைகளிலிருந்து ஆப்பிரிக்காவுக்கு அது பெருமளவில் போனது. அங்கே களைப்புத் தெரியாமல் உழைக்கச் சுமை தூக்குகிறவர்களும் விவசாயிகளும் அதை விழுங்கினார்கள். இதில் ஒரு கிளைக்கதையைச் சொல்லாமல் போக மனமில்லை. 2013இல் மேற்கு ஆப்பிரிக்க மருத்துவத்தில் பயன்படும் ஒரு மரத்தின் வேர்ப்பட்டையில் டிரமடால் இருப்பதாக ஐரோப்பிய ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். மனிதன் செய்ததாக நினைத்த மருந்தை இயற்கை முன்பே செய்துவிட்டது என்று செய்திகள் வந்தன. அடுத்த ஆண்டே ஜெர்மனியின் டோர்ட்முண்ட் நகர ஆய்வாளர்கள் கேமரூனின் வடபகுதியை அலசினார்கள். அங்கே விவசாயிகள் வெயிலில் உழுவதற்குத் தாங்களும் டிரமடால் விழுங்கி, மாடுகளுக்கும் கொடுத்துவந்தார்கள். மூத்திரமும் சாணமும் மண்ணுக்குப் போயின, மண்ணிலிருந்து மருந்து வேருக்குப் போயிற்று. மரம் மருந்து செய்யவில்லை, மாத்திரையை உறிஞ்சிக்கொண்டிருந்தது. ஒரு மருந்து எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல அளவுகோலை நான் படித்ததில்லை.

இந்தியாவில் டிரமடால் முதலில் மருந்துச் சட்டத்தின் கீழ் இருந்தது. 1940ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருள்கள் சட்டத்தின் விதிகள் மருந்துகளை எச், எச்-1, எக்ஸ் என்று அட்டவணைகளாகப் பிரிக்கின்றன. 2014 மார்ச் முதல் நடைமுறைக்கு வந்த எச்-1 அட்டவணையில் டிரமடால் இருந்தது. மருந்துக்கடைக்காரர் தனிப் பதிவேடு வைத்து, சீட்டு எழுதிய டாக்டர், வாங்கியவர், மருந்து, அளவு ஆகியவற்றைக் குறித்து மூன்று ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும். இது ஒரு கணக்குப் புத்தகக் கட்டுப்பாடு. 2018 அறிவிப்பு டிரமடாலை 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் மற்றும் உளவெறியூட்டும் பொருள்கள் சட்டத்துக்குள், அதாவது போலீஸ்காரரும் வக்கீலும் என்.டி.பி.எஸ். என்று சொல்லும் சட்டத்துக்குள், கொண்டுபோனது. இது சிறைக் கட்டுப்பாடு. மதுரையில் இதற்கென்றே சிறப்பு நீதிமன்றம் உண்டு. சுற்று மாவட்டங்களில் பிடிபடும் கஞ்சா வழக்குகளால்தான் அதன் பெயர் நாளிதழில் அடிபடும்.

என்.டி.பி.எஸ். சட்டத்தில் எடைதான் தலையெழுத்து. டிரமடாலுக்குச் சிறு அளவு 5 கிராம், வணிக அளவு 250 கிராம். சிறு அளவென்றால் அதிகபட்சம் ஓராண்டுச் சிறை. வணிக அளவென்றால் குறைந்தபட்சமே பத்தாண்டுகள். அது போக, 37ஆம் பிரிவின்படி, அவர் குற்றம் செய்யவில்லை என்று நம்ப நியாயமான காரணம் இருப்பதாக நீதிபதிக்கே தோன்றினாலன்றி ஜாமீன் கிடையாது. அப்படியானால் 250 கிராம் என்பது எதன் எடை? 250 மில்லிகிராம் எடையுள்ள மாத்திரையில் 50 மில்லிகிராம் டிரமடாலும் மீதி மாவும் பசையும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். மருந்தை மட்டும் நிறுத்தால் 5,000 மாத்திரைக்கு வணிக அளவு வரும். மாத்திரையை அப்படியே நிறுத்தால் 1,000க்கே வந்துவிடும். 2008இல் மைக்கேல் ராஜ் வழக்கில் உச்ச நீதிமன்றம் மருந்தை மட்டும் எடை போடச் சொன்னது. 2020 ஏப்ரலில் ஹீரா சிங் வழக்கில் மூன்று நீதிபதிகள் அமர்வு அதைத் தள்ளி, கலவை முழுவதையும் எடை போட வேண்டும் என்றது. வேதியியலாளனாக யோசித்தால் முதல் தீர்ப்பும், தெருவில் விற்பவனை நினைத்தால் இரண்டாவதும் எனக்குச் சரியாகப்படுகின்றன. மாவுக்கும் சேர்த்துச் சிறை என்பது மட்டும் உறுத்திக்கொண்டே இருக்கிறது.

இதைப் படிக்கும் நோயாளிகள் பயப்பட வேண்டாம். சொந்த மருத்துவத் தேவைக்காக உளவெறியூட்டும் மருந்தை ஒரே நேரத்தில் 100 அலகு வரை ஒருவர் வைத்திருக்கலாம் என்றும், நீண்ட கால நோய்க்கு டாக்டர் குறிப்பிட்டு எழுதியிருந்தால் 300 வரை வைத்திருக்கலாம் என்றும் அச்சட்டத்தின் விதி 66 சொல்கிறது. மூட்டு வலிப் பாட்டியின் அட்டை அவருடையதுதான். சீட்டைப் பத்திரமாக வைத்திருந்தால் போதும்.

டிரமடால் பட்டியலுக்குள் போன அன்று அதன் நெருங்கிய உறவொன்று வெளியே நின்றது. அதே குரூனென்தால் நிறுவனம் டிரமடாலின் குறைகளைச் சரிசெய்து உருவாக்கிய தபென்டடால். கல்லீரல் வெட்டிக் கொடுக்கக் காத்திராமல் இது நேராகவே மியூ ஏற்பியைப் பிடிக்கும். டிரமடாலைவிட வீரியம் கூடியது. அமெரிக்கா 2008இல் இதை அனுமதித்து, அடுத்த ஆண்டே மார்ஃபினுக்கு இணையான கட்டுப்பாட்டு அட்டவணையில் வைத்துவிட்டது. இந்தியாவில் 2011இல் அனுமதி கிடைத்தது. 2018 அறிவிப்பில் இதன் பெயர் இல்லை. வீரியம் குறைந்ததைப் பூட்டிவிட்டு, கூடியதை அலமாரியில் விட்டுவைத்ததற்கு அறிவியல் காரணம் எதையும் என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.

விளைவு எதிர்பார்க்கக்கூடியதே. பஞ்சாபிலும் தமிழ்நாட்டிலும் தபென்டடால் தெருவுக்கு வந்தது. சென்னையில் தொடங்கி பல ஊர்களிலும் வலி நிவாரணி மாத்திரைகளைப் போதைக்காக விற்றவர்கள் கைது என்ற செய்தி நாளிதழ்களில் வாடிக்கையானது. பிடிபடுகிறவர்களில் பலர் இருபது வயதைச் சுற்றியுள்ள பையன்கள். பொருளும் பெரும்பாலும் முறையான தொழிற்சாலையில் செய்து, முறையாக அட்டையில் அடைத்த மாத்திரைதான். பிடித்த பிறகு சட்டம் தடுமாறும். என்.டி.பி.எஸ். பட்டியலில் பெயர் இல்லையென்றால் 37ஆம் பிரிவு இல்லை, ஜாமீன் எளிது. மருந்துச் சட்டத்தில் வழக்குப் போடலாம் என்றால், அச்சட்டத்தின் நான்காம் அத்தியாயக் குற்றங்களுக்குக் காவல் நிலையம் நேரடியாக முதல் தகவல் அறிக்கை பதிய முடியாது, மருந்து ஆய்வாளர் போன்றவர்கள்தான் வழக்குத் தொடர வேண்டும் என்று 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஒரு மாவட்டத்துக்கு எத்தனை காவலர்கள், எத்தனை மருந்து ஆய்வாளர்கள் என்று பார்த்தால் இந்தத் தீர்ப்பின் கனம் புரியும்.

ஊசி வழியாக இந்த மாத்திரைகளை ஏற்றிக்கொள்ளும் பழக்கம்தான் இதில் மிகக் கொடியது. மாத்திரை வயிற்றுக்காகச் செய்யப்பட்டது. அதிலுள்ள டால்க், செல்லுலோஸ், மாவு எதுவும் இரத்தத்தில் கரையாது. நுண்துகள்களாக நுரையீரலின் மெல்லிய நாளங்களில் போய் அடைத்துக்கொள்ளும். சில மாதங்களில் படியேறினாலே மூச்சு வாங்கும். கை நரம்புகள் சீழ் கட்டும். கிருமி இதய வால்வில் ஒட்டினால் இருபது வயதில் வால்வு கெடும். ஒரே ஊசியை நாலு பேர் பகிர்ந்தால் ஹெபடைட்டிஸ் சியும் எச்.ஐ.வி.யும் உடன் வரும். இன்னொன்றையும் பெற்றோர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். தொடர்ந்து எடுப்பவரின் உடம்பு மருந்துக்குப் பழகி, கூடுதல் அளவைத் தாங்கும். சிகிச்சையிலோ சிறையிலோ சில வாரங்கள் இருந்துவிட்டால் அந்தத் தாங்குதிறன் போய்விடும். வெளியே வந்து பழைய அளவையே எடுத்தால் மூச்சு நின்றுவிடும். மறுவாழ்வு முடிந்து வந்த பையனுக்கு முதல் வாரங்கள்தான் மிக ஆபத்தானவை. மூச்சு அடங்கும் அந்நேரத்துக்காக மருத்துவமனையில் இருக்க வேண்டிய மருந்து நலோக்சோன். அது மியூ ஏற்பியில் பொருந்தும், ஆனால் திறக்காது. உள்ளே இருப்பதைத் தள்ளிவிட்டு இடத்தை அடைத்துக்கொள்ளும். நீலம் பாரித்துக் கிடந்தவர் ஓரிரு நிமிடத்தில் எழுந்து உட்காருவார். அதன் வீரியம் சீக்கிரம் இறங்கிவிடும் என்பதால், எழுந்துவிட்டார் என்று வீட்டுக்கு அழைத்துப் போய்விடக் கூடாது.

2025 பிப்ரவரியில் இந்தக் கதை எல்லை தாண்டியது. மும்பை நிறுவனம் ஒன்று தபென்டடாலோடு, தசையைத் தளர்த்தும் காரிசோப்ரோடால் என்ற மருந்தைக் கலந்து கானா, நைஜீரியா, ஐவரி கோஸ்ட் நாடுகளுக்கு அனுப்புவதை பி.பி.சி. வெளியிட்டது. இரண்டும் மூச்சைத் தணிக்கக்கூடியவை. அந்தக் கலவைக்கு உலகில் எங்குமே மருத்துவ அனுமதி இல்லை. சில நாட்களிலேயே மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அந்தக் கலவையின் ஏற்றுமதி அனுமதிகளைத் திரும்பப் பெறச் சொன்னது. பத்திரிகையாளர் ஒளிப்பதிவுக் கருவியோடு உள்ளே போகும்வரை அந்தப் பெட்டிகள் கப்பலேறிக்கொண்டுதான் இருந்தன.

பெயரைப் பட்டியலிட்டால் அடுத்த பெயர் வந்து நிற்கும். இதில் நாம் முதல் ஆட்கள் இல்லை. 1979இல் கலிஃபோர்னியாவில் ஹெராயின் என்று நினைத்து எடுத்தவர்கள் இறந்தார்கள், சோதனையில் ஹெராயின் இல்லை. ஃபென்டனிலில் ஒரே ஒரு மெத்தைல் கூட்டம் கூடுதலாக ஒட்டிய பொருள் அது, எந்தப் பட்டியலிலும் இல்லாதது. 1982இல் அங்கேயே இன்னும் பயங்கரமான ஒன்று நடந்தது. பெத்தடினின் சாயலில் எம்.பி.பி.பி. என்ற பொருளைக் கள்ளத்தனமாகச் செய்தவர், வினையில் வெப்பத்தையும் அமிலத்தையும் சரியாகப் பார்க்கவில்லை. எம்.பி.டி.பி. என்ற கழிவுப் பொருள் உடன் சேர்ந்துவிட்டது. போட்டுக்கொண்ட இளைஞர்கள் சில நாட்களில் சிலைபோல உறைந்தார்கள். பேச்சில்லை, அசைவில்லை. வில்லியம் லாங்ஸ்டன் என்ற நரம்பியல் மருத்துவர் அவர்களிடம் பார்த்தது முதியவர்களுக்கு வரும் பார்கின்சன் நோய். அந்தக் கழிவு, மூளையில் டோப்பமின் சுரக்கும் செல்களைத் தேடிப்போய்க் கொன்றிருந்தது. பார்கின்சன் ஆராய்ச்சிக்கு அது ஒரு பெரிய திறப்பாக அமைந்தது. அந்த இளைஞர்களுக்கு அதனால் என்ன லாபம்?

அமெரிக்கா 1986இல் ஒரு புதுமாதிரிச் சட்டம் செய்தது. தடைசெய்த பொருளுக்குக் கணிசமான ஒப்புமை உள்ள எதுவும் தடைசெய்யப்பட்டதே. எவ்வளவு ஒப்புமை என்றால் கணிசம் என்று இரு தரப்பு வேதியியலாளர்களும் நீதிமன்றத்தில் சண்டை போட்டார்கள். பிறகு இன்னொரு வழி வந்தது. ஒரு கட்டமைப்பையும் அதில் எந்தெந்த இடத்தில் எதை ஒட்டலாம் என்பதையும் சட்டத்திலேயே எழுதிவிட்டால், குடும்பம் மொத்தமும் பிறக்கும் முன்பே தடைக்குள் வந்துவிடும். ஃபென்டனில் வகை முழுவதையும் சீனா 2019 மே மாதம் இப்படிக் கட்டுப்படுத்தியது. அமெரிக்கா 2018இல் தற்காலிகமாகச் செய்ததை 2025 ஜூலையில் நிரந்தரமாக்கியது. ஆனால் ஃபென்டனில் கதவு இறுகியதும் நைட்டசீன்கள் வந்தன. 1950களில் சுவிட்சர்லாந்தின் சிபா நிறுவனம் செய்து, மூச்சை நிறுத்தும் அபாயத்தால் கைவிட்ட குடும்பம் அது. அறுபது ஆண்டுகள் பழைய ஆய்வுத்தாள்களில் தூங்கிக் கிடந்ததை எவரோ தூசி தட்டி எழுப்பினார்கள். பிரிட்டன் 2025 ஜனவரியில் அந்தக் குடும்பத்தையும் மொத்தமாகத் தடைசெய்தது. வகை முழுவதையும் பூட்டுவதிலும் இழப்பு உண்டு. அடுத்த நலோக்சோன் அதே குடும்பத்தில் பிறக்கலாம். ஆய்வகத்துக்குச் சட்டத்தில் வழி விடாமல் அதைச் செய்வது மடமை.

அப்படியானால் எல்லாவற்றையும் இறுக்கிப் பிடிப்பதுதானே சரி என்று தோன்றும். நம் நாட்டுக்கு அந்த அனுபவமும் உண்டு. 1985 நவம்பர் 14இல் என்.டி.பி.எஸ். சட்டம் நடைமுறைக்கு வந்தது. கசகசா பயிரிட்டு உலகத்துக்கே மருத்துவ அபின் தரும் நாடு இது. காசிப்பூரிலும் நீமச்சிலும் அரசு ஆலைகள் இருக்கின்றன. ஆனால் ஒரு மருத்துவமனை மார்ஃபின் வாங்க நாலைந்து உரிமங்கள், வெவ்வேறு துறைகளிலிருந்து, எல்லாம் ஒரே நேரத்தில் செல்லுபடியாகும்படி பெற வேண்டியிருந்தது. எழுத்துப் பிழைக்கே கடும் தண்டனை என்ற பயம் வேறு. மருத்துவமனைகள் மார்ஃபினே வேண்டாம் என்று ஒதுங்கின. 1985இல் ஆண்டுக்கு 600 கிலோவை ஒட்டியிருந்த இந்தியாவின் மருத்துவ மார்ஃபின் பயன்பாடு, 1997இல் வெறும் 18 கிலோ. அந்த ஆண்டுகளில் புற்றுநோய் முற்றிய எத்தனை பேர் வலியில் கத்திக் கத்தி இறந்திருப்பார்கள் என்று எந்தப் பதிவேடும் சொல்லாது. போதைப்பொருளை ஒழிக்க வந்த சட்டம் முதலில் ஒழித்தது வலி மருந்தை.

கேரளத்தில் டாக்டர் எம்.ஆர். ராஜகோபாலும் அவரோடு சேர்ந்தவர்களும் 1993இல் கோழிக்கோட்டில் வலி தணிப்புச் சங்கம் தொடங்கி, விதிகளோடு இருபது ஆண்டுகள் மல்லுக்கட்டினார்கள். 2014இல் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது. மார்ஃபின், ஃபென்டனில், மெத்தடோன், ஆக்சிகோடோன், கோடீன், ஹைட்ரோகோடோன் என்று ஆறு மருந்துகள் இன்றியமையாத போதை மருந்துகளாக அறிவிக்கப்பட்டன. அங்கீகாரம் பெற்ற மருத்துவமனைக்கு இப்போது ஒரே அனுமதி போதும். மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைதான் அதைக் கொடுக்கிறது. டிரமடாலைச் சர்வதேசக் கட்டுப்பாட்டில் வைக்க வேண்டுமா என்று 2018இல் ஆராய்ந்த உலக சுகாதார நிறுவன வல்லுநர் குழு வேண்டாம் என்று பரிந்துரைத்ததும் இதே அச்சத்தால்தான். மார்ஃபின் எட்டாத ஏழை நாடுகளில் டிரமடாலையும் எடுத்துவிட்டால் நோயாளிக்கு ஒன்றுமே மிஞ்சாது.

என் முடிவு இது. தபென்டடால் டிரமடாலுக்கு இருக்கும் அதே கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும், அதுவும் 2018லேயே இருந்திருக்க வேண்டும். அதோடு தொழிற்சாலை எவ்வளவு செய்தது, மொத்த வியாபாரி எவ்வளவு எடுத்தார், கடைக்கு எவ்வளவு போனது என்ற கணக்கு ஒன்றோடொன்று பொருந்துகிறதா என்று பார்க்க ஆட்கள் வேண்டும். லட்சக்கணக்கான மாத்திரைகள் தெருவுக்குப் போகின்றன என்றால் அவை எங்கோ ஒரு பில்லில் ஏறித்தான் போயிருக்கும். பத்து மாத்திரையோடு நிற்கும் பையனை எண்ணுவது சுலபம் என்பதற்காக அவனை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தால் இது தீராது. பழக்கத்தில் விழுந்தவனுக்குத் தேவை சிகிச்சை. அரசு இராசாசி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போகலாம். 14446 என்ற தேசிய இலவச எண்ணிலும் பேசலாம்.

வீட்டில் புற்றுநோயாளி இருப்பவர்களுக்குக் கடைசியாக ஒன்று. வலி தாங்கவில்லை என்றால் டாக்டரிடம் மார்ஃபின் கேளுங்கள். முறையான கண்காணிப்பில் வலிக்காகக் கொடுக்கும் மார்ஃபின் உயிரைச் சுருக்காது. மார்ஃபின் மாத்திரை ஒன்று சில ரூபாய்தான். ஃபென்டனில் பட்டை ஒட்டினால் மூன்று நாள் தாங்கும். ஆனால் அதன்மேல் ஒத்தடம் கொடுக்கக் கூடாது, மதுரை வெயிலில் திறந்த உடம்போடு உட்காரவும் கூடாது, சூட்டில் மருந்து வேகமாக இறங்கிவிடும். கழற்றிய பட்டையிலும் மருந்து மிச்சமிருக்கும், அதை ஒட்டுப்பக்கம் உள்ளே வரும்படி மடித்து, குழந்தை கைக்கு எட்டாமல் அப்புறப்படுத்துங்கள். எங்களிடம் மார்ஃபின் வைத்துக்கொள்ளச் சட்டத்தில் இடமில்லை என்று எந்த மருத்துவமனையாவது சொன்னால், 2014 திருத்தத்தைச் சொல்லி, அந்த ஒற்றை அனுமதிக்கு விண்ணப்பித்தீர்களா என்று கேளுங்கள்.